சம்பந்தியின் மணிக்கட்டு

கோல்ஃப் ஆட வேண்டுமானால் முதலில் குனிய வேண்டும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், அந்த மட்டையை நான் கையால் தொட்டிருக்கவே மாட்டேன். எங்கள் வீட்டு ஆண்கள் குலதெய்வத்தின் முன்னால் குனிவார்கள். நடவு நாளில் முதல் நாற்றை ஊன்றக் குனிவார்கள். வேறு எதற்கும் குனிந்ததில்லை. என் அப்பா கலெக்டரிடம் பேசும்போதுகூட அண்ணாந்தும் பார்க்கமாட்டார், தாழ்ந்தும் பார்க்கமாட்டார். நேராகப் பார்ப்பார்.

நானும் அப்படித்தான் இருந்துவருகிறேன். காட்டுமன்னார்கோயிலில் ராமாமிர்தம் அரிசி மில் என்றால் இப்போதும் தெரியும். மில்லை மகனிடம் ஒப்படைத்துவிட்டுச் சிதம்பரத்துக்குக் குடிவந்த பிறகும், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் சிவப்புக் கரைத் துண்டு இல்லாமல் நான் தெருவில் இறங்கியதில்லை. காய்கறி வாங்கப் போனாலும் துண்டு உண்டு.

என் மகள் இளமதியைக் கடலூரில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை ஸ்ரீதர் தங்கமான பையன். அவருடைய அப்பா கலைமணி மஸ்கட்டில் எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே பாலைவன மணலில் கோல்ஃப் ஆடிப் பழகிவிட்டார். ஊருக்கு வந்ததும், கடலோரத்தில் தமக்கிருந்த சவுக்குத் தோப்பில் பாதியை வெட்டிச் சமன்படுத்தி, பச்சைப் பாய் விரித்து, பந்து அடித்துப் பழகும் இடமாக மாற்ற ஆரம்பித்தார். சவுக்கு நல்ல விலைக்குப் போகிற காலத்தில் ஒருவர் இப்படிச் செய்வாரா என்று எனக்குத் தோன்றியது. சம்பந்தியாயிற்றே, சொல்லவில்லை.

தலைப் பொங்கலுக்குச் சீர் எடுத்துக்கொண்டு நானும் என் மனைவி சௌந்தரமும் கடலூர் போனோம். கரும்பு, மஞ்சள் கொத்து, வெண்கலப் பானை, சம்பந்தியம்மாளுக்கு அரக்குப் பட்டு, ஒன்றும் குறை வைக்கவில்லை. சாப்பாடு முடிந்து சாயங்காலம் எல்லோரும் தோப்பைப் பார்க்கப் போனோம். கலைமணி ஒரு மட்டையை என் கையில் கொடுத்தார்.

"சம்பந்தி, ஒண்ணு அடிங்க பாப்போம். சும்மா வெளையாட்டுக்கு."

மறுப்பது மரியாதை இல்லை என்று வாங்கினேன். பந்து தரையில் உட்கார்ந்திருக்கிறது. ஓடவில்லை, எகிறவில்லை, யாரும் அதை எறியவும் இல்லை. உட்கார்ந்திருப்பதை அடிப்பதில் என்ன கஷ்டம்? கடப்பாரையை ஓங்குவதுபோல் ஓங்கி இறக்கினேன்.

பந்து அசையவில்லை. மணல்தான் பறந்தது. பறந்த மணல் முழுவதும் சம்பந்தியம்மாள் தங்கம்மாள் மேல், நாங்கள் சீராகக் கொண்டுபோன அதே அரக்குப் பட்டின் மேல் போய் விழுந்தது.

அங்கே தங்கம்மாளின் அண்ணன் மகனும் கலைமணியின் மூத்த மருமகனுமான ராஜ்கமல் நின்றிருந்தார். வாய்த்துடுக்கு உள்ளவர். "மாமாவுக்கு மணிக்கட்டே கெடையாதா?" என்றார். "சிமெண்ட்டு வச்சி பூசி வுட்டுட்டாங்க போல!"

சிரித்தார்கள். கலைமணி சிரிப்பை அடக்க இருமினார். ஸ்ரீதர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், ஆனால் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். வரும் வழியில் பஸ்ஸில் சௌந்தரம், புதுச்சத்திரம் தாண்டிய பிறகு, "பொடவைய உதறுனா மண்ணு போயிடும்" என்று மட்டும் சொன்னாள்.

புடவையில் விழுந்தது போய்விடும். அந்தச் சொல் போகவில்லை. மாசி பிறந்ததும் இளமதி போன் செய்தாள்.

"அப்பா, பங்குனி உத்திரத்தன்னிக்கி தோப்புல தொறப்பு விழா. மொதல் பந்து சம்பந்திதான் அடிக்கணும்னு எங்க மாமனாரு சொல்லிட்டாரு."

"நல்லது. சம்பந்தி மரியாதை தெரிஞ்ச மனுஷன்."

"நீங்க வேணாம்னு சொல்லிடுங்கப்பா."

"ஏன்?"

"ராஜ்கமல் அண்ணன் ரெடியா இருக்காரு, அவரு அடிக்கட்டும். இங்க நான் ஏதாவது புடிவாதம் புடிச்சா, 'சிமெண்ட்டு வூட்டு பொண்ணாச்சே'ன்னு கிண்டல் பண்றாங்க. வெளையாட்டாதான். ஆனா நூறு பேரு முன்னாடி திரும்பவும் அந்த மாதிரி ஆச்சின்னா, காலத்துக்கும் அந்தப் பேரு எனக்கு நின்னுடும்."

என் மகள் போன வீட்டில் எங்கள் குடும்பத்துக்குப் பெயர் சிமெண்ட்டு. முதல் மரியாதையை அந்த வீட்டு மூத்த மருமகனுக்கு விட்டுக்கொடுத்தால் அந்தப் பெயரை நானே ஒப்புக்கொண்டதாக ஆகும்.

"நான்தான் அடிப்பேன்னு உங்க மாமனார்கிட்ட சொல்லு" என்று போனை வைத்தேன்.

சிதம்பரத்தில் யாரிடம் கோல்ஃப் கற்பது? என் நண்பன் லூர்துசாமி நினைவுக்கு வந்தான். நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவன் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றான். அவனுடைய மகள் ரேகா ஒரு கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியை. ஹாக்கியில் மாநில அளவில் ஆடியவள், ஊட்டியில் பயிற்சிக்குப் போனபோது கோல்ஃபும் கற்றுக்கொண்டு வந்தாள். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். விஷயம் வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையோடு அவளிடம் போனேன். அதிகாலையில் கல்லூரி மைதானத்துக்கு வரச் சொன்னாள். லூர்துவும் வந்து பெவிலியன் படியில் உட்கார்ந்துகொண்டான். அவனை நான் கூப்பிடவில்லை.

"மொதல்ல குனிங்க மாமா" என்றாள் ரேகா.

"அது மட்டும் முடியாதும்மா."

"எதுக்கு?"

"எங்க வழக்கம் இல்ல."

அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்கும். "சரி, குனிய வேணாம். முதுக நேரா வச்சிக்கிட்டு இடுப்ப மட்டும் பின்னாடி தள்ளுங்க. ஸ்டூல்ல உக்காரப் போற மாதிரி."

தள்ளினேன். "இது குனியறது ஆகாதா?"

"ஆகாது. முதுகு வளைஞ்சாதான் குனியறது. உங்க முதுகு கம்பி மாதிரி இருக்கு. எங்க காலேஜ் பசங்களுக்கு இத சொல்லிக்குடுக்கவே எனக்கு ஒரு டெர்ம் ஆவுது."

கோல்ஃபில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான். அடுத்த பாராட்டுக்கு வெகுநாள் காத்திருக்க வேண்டியிருந்தது.

முதுகு சரியாக இருந்தது, கைதான் கெட்டது. நான் மட்டையைப் பிடித்த பிடியில் அதன் ரப்பர் கிரீச்சிட்டது. "பழுத்த பூவம்பழத்த புடிக்கிற மாதிரி புடிங்க மாமா, நசுங்கக் கூடாது, நழுவவும் கூடாது" என்றாள். பிறகு மணிக்கட்டைப் பற்றிச் சொன்னாள். மட்டையை மேலே தூக்கும்போது மணிக்கட்டு மடங்க வேண்டும். கை கீழே இறங்கும்போது அந்த மடிப்பு அப்படியே கூட வரவேண்டும். பந்துக்குப் பக்கத்தில் வரும் நேரத்தில் அது தானாக அவிழ்ந்து, பின்தங்கி வந்த மட்டையின் தலை கையை முந்திக்கொண்டு போகும். பந்து பறப்பது அந்த வேகத்தில்தான்.

"நீங்க என்ன பண்றீங்கன்னா, பந்துகிட்ட வந்ததும் பயந்து கைய பூட்டிடறீங்க. மட்டையோட தலை முந்த வழியே இல்ல."

"அப்ப நானே மணிக்கட்ட திருப்பிடறேன்."

"திருப்பாதீங்க. அதுவா திரும்பணும்."

"அதுவா எப்படிம்மா திரும்பும்?"

"நீங்க குறுக்க நிக்காம இருந்தா திரும்பும்."

அதுதான் எனக்கு வராத வேலை. வரப்புத் தகராறிலிருந்து வங்கி மேலாளர் வரைக்கும் நான் குறுக்கே நிற்காத விஷயம் கிடையாது. பூட்டினால் பந்து தரையோடு உருண்டது. சரி என்று வேண்டுமென்றே மணிக்கட்டைச் சுண்டினேன். பந்து இடது பக்கம் எகிறிப்போய் லூர்துவின் ஸ்கூட்டர் மட்கார்டில் பட்டுப் பெரிய சத்தம் எழுப்பியது.

"யோவ்! பெட்ரோல் டேங்க்க பாத்து அடிச்சிருந்தா மொத்தமா போயிருப்பமேய்யா!" என்று கத்தினான்.

"வண்டிய எவன் அங்க நிறுத்தச் சொன்னது?"

"பந்துக்கு முன்னாடிதான்யா நிறுத்தக் கூடாது. நான் பக்கவாட்டுல நிறுத்தியிருக்கேன்!"

ரேகா துண்டையும் கழற்றி வைக்கச் சொன்னாள், அது நழுவி நழுவிக் கையை மறிக்கிறதாம். நான் மறுத்துவிட்டேன். தோளில் துண்டில்லாமல் பொது இடத்தில் நிற்பதை எங்கள் அப்பா பார்த்தால் என்ன நினைப்பார்? துண்டைச் சட்டைக் காலருக்குள் கொஞ்சம் செருகிக்கொண்டு அடித்தேன். நாள் போய்க்கொண்டே இருந்தது. நடைபயிற்சிக்கு வருகிறவர்கள் எங்களுக்கு இடதுபுறமாகப் போவதை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு காலையில் பந்துகள் எல்லாம் என் காலடியிலேயே கோழிக்குஞ்சுகள் போலச் சுற்றிக்கொண்டிருந்தன. படியில் உட்கார்ந்திருந்த லூர்து கொட்டாவி விட்டான்.

"ராமாமிர்தம், நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்காத. அந்த ராஜ்கமலே அடிச்சிட்டுப் போவட்டும்யா. அவரு எளவட்டம். நீ மேடையில உக்காந்து கை தட்டு. அதுலயும் மரியாதை இருக்கு."

கை தட்டுவதா? நான் ராஜ்கமலுக்குக் கை தட்டுவதா? மட்டையைக் கீழே போட்டேன். தோளிலிருந்த துண்டைப் பிடுங்கி, பட்டென்று ஒரு உதறு உதறி, மறுபடி தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தேன்.

"மாமா! நில்லுங்க! நில்லுங்க!" ரேகா ஓடிவந்து வழிமறித்தாள். "இப்ப பண்ணீங்களே, அத திரும்ப பண்ணுங்க."

"எதம்மா?"

"துண்ட உதறுனீங்களே, அது."

கோபித்துக்கொண்டு போகிற மனிதனை நிறுத்தி இன்னொரு தடவை கோபித்துக்கொள்ளச் சொன்னால் எப்படி இருக்கும்? அவள் முகத்தில் கேலி இல்லை. "மாமா, துண்டோட முனை கடைசியா வந்துச்சி. கை முன்னாடி போச்சி, மணிக்கட்டு மடங்கியிருந்துச்சி, கடைசியில தானா அவுந்துச்சி. 'பட்'டுன்னு சத்தம் எங்க வந்துச்சி தெரியுமா? பந்து இருக்கற எடத்துல. நான் இத்தன நாளா வாயால சொல்றத உங்க கை எப்பவோ செய்யிது!"

உதறினேன். சத்தம் வரவில்லை. துண்டு தொங்கிக்கொண்டு கிடந்தது. திரும்ப உதறினேன், ஈரத்துணி பிழிவதுபோல் ஆயிற்று.

ரேகா யோசித்தாள். படிப்பக்கம் திரும்பினாள். "அப்பா, மாமாவ இன்னொரு தடவ திட்டுங்கப்பா."

லூர்து எழுந்து நின்றான். அவன் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சியை அவனுடைய மகள் பட்டம் வாங்கிய அன்றுகூட நான் பார்த்ததில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"உன் மில்லு அரிசியில பாதி கல்லு! அத தின்னுதான் எங்க தெரு பல் டாக்டரு ரெண்டு மாடி கட்டுனாரு!"

பட்!

"அதான்! அதான் மாமா! இப்ப மட்டைய எடுங்க, ஒடனே, யோசிக்காதீங்க!"

எடுத்தேன், வீசினேன். மட்டை பந்தைத் தொட்டதே கையில் தெரியவில்லை. மெல்லிய ஒரு சத்தம் மட்டும் கேட்டது. பந்து எங்கே என்று காலடியில் தேடினேன். ரேகா வானத்தைக் காட்டினாள். மைதானத்தின் நடுவில், வெயில் பட ஆரம்பித்த இடத்தில் போய் விழுந்து குதித்தது. நடைபயிற்சிக்காரர் ஒருவர் நின்று பார்த்தார்.

அதன் பிறகு எங்கள் பயிற்சி இப்படித்தான் நடந்தது. ரேகா பந்தை வைப்பாள், லூர்து திட்டுவான், நான் துண்டை உதறுவேன், உடனே மட்டையை எடுத்து வீசுவேன். லூர்து வீட்டிலேயே வசவுகளை யோசித்துவைத்துக்கொண்டு வந்தான். என் கையெழுத்தைத் திட்டினான், பள்ளிக்கூடத்தில் நான் பாடிய பாட்டைத் திட்டினான். ஒருநாள், "உம் பொண்ணு கல்யாணத்துல சாம்பார்ல உப்பே இல்லய்யா" என்றான். அன்று பந்து மைதானத்துச் சுவரைத் தாண்டிவிட்டது. அது நிஜமா என்று அன்று மாலையே சௌந்தரத்திடம் கேட்டேன். நிஜமில்லை.

பங்குனி உத்திரம் வந்தது. கடலூர் தோப்பில் பந்தல் போட்டு வாழைமரம் கட்டியிருந்தார்கள். நாதஸ்வரம் வாசித்தார்கள். பந்து அடிக்கும் பாய்க்கு முன்னால் கோலம் போட்டு ரிப்பன் கட்டியிருந்தது. அதற்கப்பால் வெட்டவெளி, கடைசியில் ஒரு வரிசை சவுக்கு, அதற்கும் அப்பால் யாரோ நிலக்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லை. கலைமணியின் உறவு முழுவதும் வந்திருந்தது. எங்கள் பக்கமும் வேன் வைத்து வந்திருந்தார்கள். லூர்துவும் ரேகாவும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

கலைமணி எனக்கு ஒரு தொப்பியும் காலர் வைத்த பனியனும் வாங்கிவைத்திருந்தார். நான் பார்த்த பார்வையில் அவரே உள்ளே எடுத்து வைத்துவிட்டார். வேட்டி, சட்டை, துண்டோடுதான் மேடை ஏறினேன். சந்தனம் பூசினார்கள். ஆள் உயர ரோஜா மாலை போட்டார்கள். கலைமணி மைக் பிடித்து, "எங்க சம்பந்தி மாதிரி ஒரு மனுஷன் இந்த மாவட்டத்துலயே கெடையாது" என்றார். தங்கம்மாள் அரக்குப் பட்டையே கட்டிக்கொண்டு வந்து கும்பிட்டார். ராஜ்கமல் இளநீர் சீவிக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"மாமா, அன்னிக்கி வாய் ஜாஸ்தியா பேசிட்டேன். மனசுல வச்சிக்காதீங்க."

இப்படி ஒரு மரியாதை எங்கள் அப்பாவுக்குக்கூட வெளியூரில் நடந்திருக்காது. மனம் நிறைந்து மட்டையைக் கையில் வாங்கினேன். பாய் மேல் போய் நின்றேன், இடுப்பைப் பின்னால் தள்ளினேன்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் மணிக்கட்டு வசவு கேட்டுப் பழகிய மணிக்கட்டு. இன்றைக்கு என்னைத் திட்ட ஒருவரும் இல்லை. இவ்வளவு மரியாதையில் அது அவிழாது.

முன்வரிசையில் லூர்துவைப் பார்த்தேன், புருவத்தைத் தூக்கிக் காட்டினேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. ரேகாவும் அவனை இடித்தாள். அவன் தலையை ஆட்டி மறுத்துவிட்டான். பிறகு அவள் என்னிடம் சொன்னாள், "சம்பந்தி வூட்டு ஆளுங்க முன்னாடி அவன எப்படிம்மா திட்டுவேன்? நாக்கு வருமா எனக்கு?" என்றானாம்.

அடித்தேன். கை பூட்டிக்கொண்டது. மட்டை பாயில் இடித்தது. பந்து தவளைபோல ஒரு தத்துத் தத்தி, கோலத்தின் நடுவில் போய் நின்றது.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் வேறு எங்கேயோ பார்த்தார்கள். கலைமணி மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"பரவால்ல சம்பந்தி. கடல் காத்து எதுத்து அடிக்கிது. வெயிலு வேற. நீங்க நெழல்ல உக்காருங்க, நம்ம மாப்ள ஒண்ணு தட்டிவுடட்டும்."

பந்தலின் ஓரத்தில் இளமதி நின்றிருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"இன்னொண்ணு அடிக்கிறேன்" என்றேன். மாலையைக் கழற்றிச் சௌந்தரத்திடம் கொடுத்தேன். கைக்குப் பாடத்தை நினைவுபடுத்தலாம் என்று, மட்டையைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை எடுத்தேன். முழு பலத்தோடு உதறித் தோளில் போட்டேன்.

பட்!

நாதஸ்வரம் நின்றது.

எங்கள் பக்கத்தில், விசேஷ வீட்டில் சம்பந்தி மாலையைக் கழற்றித் துண்டை உதறித் தோளில் போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இனி இந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று அர்த்தம். எங்கள் சித்தப்பா ஒரு கல்யாணத்தில் இப்படி உதறிவிட்டு வந்தார். அந்த வீட்டுப் பேரன் கல்யாணத்துக்குத்தான் திரும்பப் போனோம். எனக்கு இது தெரியாததல்ல. மைதானத்துப் பழக்கத்தில் அந்த நேரம் மறந்துபோயிற்று.

"சம்பந்தி கோவிச்சிக்கிட்டாரு!" என்று பந்தலில் ஒரு குரல் எழுந்தது. அடுத்த நொடி என்னைச் சுற்றிக் கூட்டம். கலைமணி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சம்பந்தி, என்னா தப்பு நடந்துச்சி? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க, உள்ள வச்சிக்காதீங்க!" சமையல்காரர் கரண்டியோடு வந்துவிட்டார். எங்கள் பக்கத்து ஆட்களில் சிலர், எதற்கென்று தெரியாமலே தங்கள் துண்டையும் எடுத்துத் தயாராகக் கையில் பிடித்துக்கொண்டார்கள். வேன் டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டான்.

தங்கம்மாள் ராஜ்கமலைப் பிடித்துக்கொண்டார். "நீ என்னா சொன்ன அவர? மறுபடியும் சிமெண்ட்டுன்னியா?"

"ஐயோ அத்த, நான் எளநிதான் குடுத்தேன்!"

"எளநிய எந்தக் கையால குடுத்த?"

"ரெண்டு கையாலயும்தான்!" என்று சொன்ன ராஜ்கமல் என் காலைத் தொடவே வந்துவிட்டார். "மாமா, பொங்கலுக்கு சொன்னது தப்புதான். எல்லார் முன்னாடியும் சொல்றேன், மன்னிச்சிடுங்க."

உள்ளதைச் சொல்கிறேன். வாயைத் திறக்காமல் அந்த இடத்தில் நின்றாலே போதும், சிமெண்ட்டு என்ற பேச்சுக்கு அன்றோடு முடிவு. நூறு பேருக்கு முன்னால் மன்னிப்பு. மெதுவாக மனம் மாறினவன்போல் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வந்தால், அதைக் காலத்துக்கும் பேசுவார்கள். எங்கள் அப்பா அப்படித்தான் செய்திருப்பார்.

இளமதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கண் நிறைந்திருந்தது. "அப்பா, போவாதீங்கப்பா" என்றாள். அந்த வீட்டில் வாழப்போகிறவள் அவள். என் கோபம் என்று ஒன்று இன்றைக்கு நடந்ததாக வைத்துக்கொண்டால், அது அவளோடுதான் அந்த வீட்டில் குடியிருக்கும்.

"எனக்குக் கோவமே இல்லம்மா" என்றேன். "பழகிக்கிட்டு இருந்தேன்."

கலைமணி விழித்தார். "கோவிச்சிக்கவா பழகுனீங்க?"

"இல்ல சம்பந்தி. பந்து அடிக்க."

யாரும் நம்பவில்லை. பெரிய மனிதர் கோபத்தை மறைத்துப் பேசுகிறார் என்று நினைத்து இன்னும் கெஞ்சினார்கள். அப்போது முன்வரிசையில் ஒரு சிரிப்பு வெடித்தது. லூர்து நாற்காலியில் மடிந்து மடிந்து சிரித்துக்கொண்டிருந்தான். "நெஜம்தாங்க! மாசி மாசம் பூரா எங்க காலேஜ் கிரவுண்டுல இவன் துண்ட ஒதறிக்கிட்டு கெடந்தான். நான்தான் தெனம் திட்டுவேன். திட்டுனாதான் இவனுக்குக் கை வரும்! இன்னிக்கி நீங்க எல்லாரும் மரியாதை குடுத்தே இவன கெடுத்துட்டீங்க!"

ரேகா எழுந்து, மணிக்கட்டு எப்படி அவிழ வேண்டும், துண்டின் முனை எப்படிப் பின்தங்கி வந்து முந்துகிறது என்று கையை வீசிக் காட்டினாள். கலைமணி விளையாட்டுத் தெரிந்தவர், அவருக்கு உடனே புரிந்தது. "அடடா, அதான! மஸ்கட்ல வெள்ளக்காரக் கோச் எனக்கு இதத்தான் ரெண்டு வருஷம் சொல்லிக்குடுத்தான்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"அப்ப வேன ஆஃப் பண்ணிடட்டுங்களா?" என்று வெளியிலிருந்து டிரைவர் கேட்டான்.

அவ்வளவுதான், பந்தல் முழுவதும் சிரித்தது. இளமதி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கும் வந்துவிட்டது. சௌந்தரம் மாலையைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். வெளியிடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

சிரித்த வாக்கிலேயே மட்டையை எடுத்தேன். கோலத்தின் நடுவிலிருந்த பந்தை ரேகா எடுத்து வந்து பாயில் வைத்தாள். வழக்கம்போல் கோபத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. உப்பில்லாத சாம்பாரை நினைத்துப் பார்த்தேன், அதற்கும் சிரிப்புத்தான் வந்தது. கை இரண்டும் லேசாகக் கிடந்தன. இதற்கு மேல் எதை நினைத்துப் பூட்டுவது? வீசினேன்.

மணிக்கட்டு எப்போது மடங்கியது, எப்போது அவிழ்ந்தது, எனக்குத் தெரியாது. மட்டையின் தலை என்னை முந்திக்கொண்டு போனது மட்டும் தெரிந்தது. அது இழுத்த இழுப்பில் நெஞ்சும் தோளும் தாமாகத் திரும்பின. பந்து எதிர்க்காற்றில் ஏறியது. இன்னும் ஏறியது. சவுக்கு உச்சிகளைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது. மல்லாட்டைக் கொல்லையிலிருந்து, "எவன்டா அவன்?" என்று ஒரு குரல் கேட்டது.

"எங்க சம்பந்திய்யா!" என்று கலைமணி மைக்கிலேயே பதில் சொன்னார்.

ராஜ்கமல் முதல் ஆளாகக் கை தட்டினார். "மாமா, சிமெண்ட்டு ஒடஞ்சிபோச்சி!" என்றார். தங்கம்மாள் அவர் தலையில் ஒரு குட்டு வைத்தார். இந்தத் தடவை அந்தச் சொல் எனக்குக் கசக்கவில்லை. இளமதி தலையை நிமிர்த்திக்கொண்டு, "எங்க அப்பா" என்று பக்கத்தில் நின்ற யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரிந்த விஷயம்தான்.

சாப்பாட்டில் நான் இரண்டாம் தடவை பாயசம் வாங்கிக்கொண்டேன். கை நனைக்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா? கை கழுவும் இடத்தில் ராஜ்கமல் வந்து நின்றார்.

"மாமா, எனக்கு இடது பக்கமாவே பந்து போவுது. அந்த துண்ட கொஞ்சம் குடுங்களேன், நானும் ஒதறிப் பாக்குறேன்."

"தோள் துண்ட கழட்டிக் குடுக்கற வழக்கம் எங்க வீட்ல இல்ல" என்றேன். அவர் முகம் வாடியது. ஆனாலும் மாப்பிள்ளை வீட்டு மாப்பிள்ளை, ஆசையாகக் கேட்டது மனதில் இருந்தது.

தலை ஆடிக்குச் சீர் வைத்தபோது ராஜ்கமலுக்கென்று தனித் தட்டில் ஒரு துண்டும் வைத்து அனுப்பினோம். நல்ல துண்டு, சிவப்புக் கரைதான். கரை மட்டும் என்னுடையதைவிட ஒரு விரல் குறைவு.